22 வருஷப் பின் வைஸும் கழலும் அதன் தலையும்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் என்னோடு சின்ன அளவு மாடல் கட்டும் தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார்: “அண்ணே, சின்ன மின் டிரில் விலை இறங்கிக் கிடக்கு. வாங்கலாமா, இல்ல உங்க பின் வைஸ் மாதிரியே ஒண்ணு போதுமா?” அவருக்கு வாட்ஸ்அப்பில் எழுத ஆரம்பித்தது இவ்வளவு நீண்டுவிட்டது.

என் பின் வைஸ், அதாவது விரலால் திருப்பியே துளை போடும் சின்னக் கைக்கருவி, 2003இல் ஈப்போவில் 18 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கியது. உள்ளங்கையில் அழுத்தும் குமிழ் துருப்பிடித்துச் சுழலாமல் நின்றுவிட்டதால், போன மாதம் லேத் பட்டறையில் பித்தளையில் புதிதாகக் கடைந்து வாங்கினேன். இப்போது வெண்ணெய் மாதிரி சுழல்கிறது. ஆனால் என்னை வதைப்பது குமிழ் இல்லை. துளையிடும் பிட்டைக் கவ்வும் தலைதான். துளை போட்டு முடித்து, பிட்டை வெளியே எடுக்க இடப்பக்கம் திருப்புவோம் அல்லவா? விரல், தலையை இறுக்கும் தலைநட்டின் மேல் பட்டுவிட்டால் போச்சு. நட்டும் சேர்ந்து கழன்று, வெறும் கைப்பிடி மட்டும் கையோடு வரும். பிட் ஓட்டைக்குள்ளேயே நிற்கும். இத்தனை வருஷமாக இதே கதை.

இந்த வருஷம்தான் பொறுமை போனது. அம்மா பால் வெட்டிய ரப்பர் மர நிரையை (வரிசையை) 1:35 அளவில் கட்டிக்கொண்டிருக்கிறேன். அந்தத் தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை (எண்ணெய்ப்பனை). 40 மரம், ஒவ்வொன்றும் 7 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குழாய், மேலே எபாக்சி புட்டிப் பட்டை. பால் சேரும் மங்கை (கிண்ணத்தை)த் தாங்கும் கம்பிக்கு இரண்டு துளை, பால் வழியும் தகட்டுக்கு ஒன்று. மொத்தம் 120. கம்பி, பழைய டெலிபோன் கேபிளில் உரித்த 0.4 மில்லிமீட்டர் செம்பு, அதனால் 0.5 மில்லிமீட்டர் பிட். (முதல் இரண்டு மரத்தில் வெட்டுக்கோட்டை மாற்றி இழுத்துவிட்டேன். அம்மா பார்த்த உடனே சொன்னார்: “இடது பக்கம் மேல, வலது பக்கம் கீழடா.” பட்டைக்குள் பால் குழல்கள் மேலே போகப் போக லேசாக வலப்பக்கம் சாய்வதால், அப்படிச் சாய்த்து வெட்டினால்தான் அதிகக் குழல் அறுபடும். இரண்டு மரத்தையும் உரித்துத் திரும்பப் பூசினேன்.)

மின் டிரிலையும் இரவல் வாங்கிப் பார்த்தேன். அதன் மிகக் குறைந்த வேகமே நிமிடத்துக்கு 5000 சுற்று. மாடல் பிளாஸ்டிக் 100 டிகிரி பக்கத்திலேயே இளகிவிடும். துளை விழுவதற்குள் பிளாஸ்டிக் உருகி பிட்டைச் சுற்றிக்கொண்டது, ஓட்டையின் வாயும் பிதுங்கிப் போனது. பின் வைஸில் அந்தச் சூடே இல்லை. புட்டியைக் கடந்து பிளாஸ்டிக்கில் இறங்கும் நொடி விரல் நுனிக்குத் தெரியும். அந்த உணர்வை எந்த மோட்டாரும் எனக்குத் தந்ததில்லை.

கையால் துளைக்கிறவர்கள் கார்பைடு பிட் பக்கம் போகவேண்டாம். கை கொஞ்சம் ஆடினாலே முறியும். ஹைஸ்பீடு ஸ்டீல் ஓரளவு வளைந்து கொடுக்கும். முதலில் ஊசியால் ஒரு குத்து, பிட்டில் கொஞ்சம் மெழுகு, நாலு சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் தூள் தட்டல். அந்த “வெளியே எடுத்து”தான் என் தலைவலி. மோட்டார்சைக்கிள் டியூப்பை நறுக்கி பின் வைஸின் உடம்பில் சுற்றினேன். விரல் அங்கேயே பிடித்துக்கொள்வதால் தலை கழல்வது பாதியாகக் குறைந்தது.

பாதிதான் குறைந்தது. நேற்று இரவு 113ஆவது துளையில் மறுபடி கழன்றது. இடுக்கியால் பிடித்து இழுத்தபோது பிட் உள்ளேயே முறிந்தது. ஒரு தலைநட்டை ஒழுங்காகச் செய்யத் தெரியாதவர்கள் எதற்குக் கருவி விற்கிறார்கள்?

ஆகவே தம்பி, என்னிடம் இருக்கும் இந்த மாதிரியை வாங்காதே. தள்ளுபடியில் வரும் மின் டிரிலும் பிளாஸ்டிக்குக்கு வேண்டாம். வேறு மாதிரிப் பின் வைஸே வாங்கு. கடையிலேயே பிட்டை மாட்டி, இடப்பக்கம் பத்துத் தடவை திருப்பிப் பார்த்து வாங்கு. அதற்குள் அவசரமென்றால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து என்னுடையதை எடுத்துக்கொள். 0.5 பிட் மட்டும் கையோடு கொண்டு வா. என்னிடம் ஒன்றுதான் மிச்சம், இன்னும் ஏழு துளை பாக்கி.