வாடகை மேசையில் வேலை: கும்பகோணத்துப் பணிக்கூடம் ஒன்றின் மதிப்பீடு

கும்பகோணத்தில் மகாமகக் குளத்துக்கு நடந்து போகும் தொலைவில், முன்பு ஜவுளிக்கடையாக இருந்த ஒரு கட்டடத்தின் முதல் மாடியில் கோ-ஒர்க்கிங் கூடம் ஒன்று இயங்குகிறது. சென்னை, பெங்களூரு நிறுவனங்களில் வேலை பார்த்துக்கொண்டே ஊரில் தங்கியிருப்பவர்களுக்கு மேசையும் நாற்காலியும் இணையமும் வாடகைக்குத் தருவதுதான் அதன் தொழில். மாதத்துக்கு 4,500 ரூபாய், நாள் கணக்கில் என்றால் 300 ரூபாய், இரண்டுக்கும் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. நான் அமெரிக்க மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் நிறுவனம் ஒன்றில் பகல் ஷிஃப்டில் பணிபுரிகிறேன். முடித்த கோப்புகளின் எண்ணிக்கையும் அவற்றில் கண்டுபிடிக்கப்பட்ட பிழைகளும் வாரந்தோறும் அறிக்கையாக வந்துவிடுவதால், வேலை எங்கே நன்றாக ஓடுகிறது என்பதை மனநிலையை வைத்து ஊகிக்க வேண்டிய நிலை எனக்கு இல்லை. அந்த அறிக்கையின்படி, கொடுத்த வாடகை வீண்போகவில்லை. ஆனாலும் இந்தக் கூடத்தை எல்லோருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

முதலில் மின்சாரம். டெல்டா மாவட்டங்களில் வீட்டிலிருந்து வேலை செய்பவர் எவரும், துணைமின் நிலையப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்தப்பட்டு மாலை வரை வராத மின்சாரத்தைப் பற்றி அறிவார். வீட்டு இன்வெர்ட்டர் மின்விசிறியையும் விளக்கையும் ரவுட்டரையும் சில மணி நேரம் தாங்கும். நிறுவனம் அனுப்பிய மேசைக் கணினியையும் இரண்டு திரைகளையும் சேர்த்து மாட்டினால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கைவிட்டுவிடும். இந்தக் கூடத்தில் ஜெனரேட்டர் இருக்கிறது என்பதைவிட, மின்சாரம் போவதற்கும் ஜெனரேட்டர் பிடிப்பதற்கும் இடைப்பட்ட சில நொடிகளுக்கு ரவுட்டரும் கணினிகளும் யு.பி.எஸ்.ஸில் ஓடுகின்றன என்பதே முக்கியம். அந்த நொடிகளில் வி.பி.என்., அதாவது நிறுவனத்தின் கணினிகளோடு இணைக்கும் பாதுகாப்பான இணையவழி, அறுந்தால், மறுபடியும் உள்ளே நுழைந்து, கைப்பேசிக்கு வரும் எண்ணைத் தட்டி, பாதியில் நின்ற கோப்பைத் தேடித் திறப்பதற்குள் பத்து நிமிடம் போய்விடும். மின்தடை அறிவிக்கப்பட்ட நாளொன்றில் நான் அங்கே இருந்தபோது விளக்குகள் ஒருமுறை கண்சிமிட்டியதைத் தவிர வேறு எதுவும் நடக்கவில்லை.

இணையத்துக்கு இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் ஃபைபர் இணைப்புகள் வைத்திருக்கிறார்கள். ஒன்று நின்றால் மற்றது தானாக எடுத்துக்கொள்கிறது. இதில் எனக்கு ஒரு குறை உண்டு. இரண்டு கேபிள்களும் ஒரே தெருவில் ஒரே கம்பங்களின் மேல்தான் வருகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு கிளை முறிந்து விழுந்தால் இரண்டும் சேர்ந்தே அறுந்துபோகும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த பிறகு இந்தப் பகுதியின் கம்பங்களுக்கு என்ன ஆயிற்று என்பதைப் பார்த்தவர்களுக்கு இது வெறும் கற்பனை அச்சமாகத் தோன்றாது. பொறுப்பாளரிடம் கேட்டேன், சிம் பொருத்தும் ரவுட்டர் ஒன்றை மூன்றாவதாக வாங்கப்போவதாகச் சொன்னார். இதை எழுதும்வரை வாங்கவில்லை.

நாற்காலிகள் நல்லவை, கழிப்பறை சுத்தம், குடிநீர் உண்டு. தொலைபேசிக்கென்று அடைத்த இரண்டு சிறு அறைகளில் காற்றோட்டமே இல்லை. அரை மணி நேர மீட்டிங் முடிந்து வெளியே வருபவரின் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். குளிர்சாதனத்தின் நேர்க்கீழே உள்ள வரிசையில் உட்காருபவர்கள் சால்வையோடு வருகிறார்கள். காபி மெஷினிலிருந்து வருகிறது. கும்பகோணத்தில் மெஷின் காபி வைப்பதற்கு என்ன துணிச்சல் வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் அதன் புண்ணியத்தில்தான் பதினொரு மணிக்கு எல்லோரும் கீழே இறங்கி எதிர்க்கடையில் டிகிரி காபி குடிக்கிறார்கள், ஒருவரோடு ஒருவர் பேசவும் செய்கிறார்கள்.

வீட்டில் செய்யும் வேலை அலுவலகத்தில் செய்வதற்கு ஈடாகுமா என்ற கேள்வியை விட்டுவிட்டு இப்படிப்பட்ட இடத்தை மதிப்பிட முடியாது, ஏனென்றால் இங்கே மேசை எடுப்பவர் எல்லோரும் அந்தக் கேள்விக்குத் தங்கள் சொந்தக் காசில் பதில் தேடுபவர்கள். ஒர்க் ஃப்ரம் ஹோமை ஆதரிப்பவர்கள் வழக்கமாக எடுத்துக்காட்டுவது, சீனப் பயண நிறுவனமான சிட்ரிப்பின் ஷாங்காய் அழைப்பு மையத்தில் பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் ப்ளூமும் அவருடைய குழுவினரும் நடத்திய ஆய்வை. 2010-இன் இறுதியில் தொடங்கி ஒன்பது மாதம் நடந்த அந்தச் சோதனையில், வீட்டிலிருந்து பணிபுரிந்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியது. இடைவேளையும் விடுப்பும் குறைந்து, ஷிஃப்டில் கூடுதல் நேரம் வேலை செய்ததுதான் அந்த உயர்வின் பெரும்பகுதி. ஆனால் சோதனையில் சேருவதற்கு ஒரு தகுதி வைத்திருந்தார்கள்: வீட்டில் அகன்ற அலைவரிசை இணையமும் தனி அறையும் இருக்க வேண்டும், நிறுவனத்தில் குறைந்தது ஆறு மாதம் பணிபுரிந்திருக்கவும் வேண்டும். 13 சதவீதத்தை மேற்கோள் காட்டுபவர்கள் அந்தத் தனி அறையைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

நம் பக்கத்துக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. டேவிட் அட்கின், அன்டோனெட் ஷோர், சுமித் ஷிண்டே ஆகிய பொருளாதார ஆய்வாளர்கள் மூவரும் சென்னையில் தரவு உள்ளீட்டுப் பணியாளர்களைக் குலுக்கல் முறையில் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் பிரித்து அனுப்பிப் பார்த்தபோது, வீட்டிலிருந்து செய்தவர்களின் உற்பத்தித்திறன் 18 சதவீதம் குறைவாக இருந்தது. அதைவிடச் சங்கடமான செய்தி, வீட்டு வேலையை விரும்பிக் கேட்டவர்களுக்கே வீட்டில் இழப்பு அதிகம் என்பதாகும். அவர்களுக்கு 27 சதவீதம், அலுவலகத்தை விரும்பியவர்களுக்கு 13 சதவீதம். குழந்தைகளையோ முதியவர்களையோ கவனிக்கும் பொறுப்பு உள்ளவர்களும் வசதி குறைந்த குடும்பத்தினரும் வீட்டைக் கேட்கிறார்கள், அந்தப் பொறுப்பும் அந்த வசதிக் குறைவும்தான் வீட்டில் வேலையையும் கெடுக்கின்றன என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று. இந்தியத் தகவல் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களைக் கொரோனா காலத்தில் ஆராய்ந்த வேறொரு குழுவும், வேலை நேரம் கூடியும் உற்பத்தித்திறன் 8 முதல் 19 சதவீதம் வரை குறைந்ததாகவும், வீட்டில் பிள்ளைகள் இருப்பவர்களிடம் அந்தச் சரிவு அதிகமாக இருந்ததாகவும் கண்டது.

ஷாங்காய்க்கும் சென்னைக்கும் இடையே உள்ள தூரத்தில் பாதியையாவது ஒரு கதவு விளக்கிவிடும் என்பது என் கருத்து. எங்கள் பக்கத்து வீடுகள் வாசல், ரேழி, கூடம், கொல்லை என்று நீளவாக்கில் போகிறவை. தாழிட்டுக்கொள்ளும் அறை இருந்தாலும் அதில் பத்தாயமோ பீரோவோ மூத்தவர் ஒருவரோ இருப்பார். வீட்டில் இருப்பவர் சும்மா இருப்பவர் என்று கொள்வது ஊர் வழக்கம். சிலிண்டர் வாங்கி வைக்க வேண்டும், ரேஷன் கடையில் கைரேகை வைக்க வேண்டும், குறுவைக்கு நாற்று விட்டிருக்கும் நேரத்தில் மோட்டார் ஓடவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும், கூட்டுறவுச் சங்கக் கடனுக்குச் சிட்டா அடங்கல் எடுத்துத் தர வேண்டும். “ஏம்பா, கம்ப்யூட்டர்லதானே இருக்கே, இதையும் ஒரு பார்வை பாரு” என்று பெரியப்பா கேட்டால் மறுப்பதற்கு வார்த்தை இல்லை.

இப்படிப் போகும் நேரத்தை இரவில் உட்கார்ந்து ஈடுகட்டிவிடலாம். ஈடுகட்ட முடியாதது பிழை. என் வேலையில் ஒரு கோப்பைத் திறந்தால் நோய்க்குறியீடும் சிகிச்சைக் குறியீடும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா, காப்பீட்டு நிறுவனம் தந்த முன் அனுமதி எத்தனை நாளுக்கு, அனுமதியின் தேதிக்குள் சிகிச்சை நடந்திருக்கிறதா என்று நான்கைந்து செய்திகளை ஒருசேர மனத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். நடுவில் எழுந்து போய்விட்டு வந்தால், முதலிலிருந்து படிக்க வேண்டியதைப் பாதியிலிருந்து படிக்கத்தான் கை போகும். பிழை அங்கேதான் நுழைகிறது. கூடத்தில் சேர்ந்த பிறகு என் கோப்புகளின் எண்ணிக்கை கொஞ்சம்தான் கூடியது, பிழைகளோ நன்றாகக் குறைந்தன. தரத்துக்கென்று தனி ஊக்கத்தொகை தரும் நிறுவனம் என்பதால் வாடகையின் ஒரு பகுதி அதிலேயே திரும்பி வந்துவிடுகிறது.

ஆகவே இந்தக் கூடம் கதவை விற்கிறது, அதை நேர்மையாகவே விற்கிறது. அலுவலகத்தை அது விற்கவில்லை, விற்கவும் முடியாது. சென்னை ஆய்வில் அந்த 18 சதவீத வேறுபாட்டின் மூன்றில் இரண்டு பங்கு முதல் நாளிலேயே தெரிந்தது. எஞ்சிய பங்கு, அலுவலகத்தில் இருந்தவர்கள் நாளடைவில் வேகமாகக் கற்றுக்கொண்டதால் வந்தது. முதல் பங்கை மீட்டுக்கொள்ள மேசை வாடகை உதவும், இரண்டாவதை மீட்க உதவாது. எனக்கு இரண்டு மேசை தள்ளி, கல்லூரி முடித்த கையோடு ஒரு பில்லிங் நிறுவனத்தில் சேர்ந்த பெண் ஒருவர் உட்காருகிறார். சந்தேகம் வந்தால் டீம் லீடருக்குச் சாட்டில் எழுதிவிட்டு, பதில் வரும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். சிறுபிள்ளைத்தனமான கேள்வியோ என்று தோன்றினால் எழுதியதை அழித்தும் விடுவார். அலுவலகமாக இருந்தால் நாற்காலியைத் திருப்பிப் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு நொடியில் கேட்டிருப்பார். இங்கே பக்கத்தில் இருப்பவர் வருமான வரிக் கணக்கு பார்ப்பவர், அதற்கு அடுத்தவர் இணையதளம் வடிவமைப்பவர். சேர்ந்து ஓராண்டு கூட ஆகாதவர்கள் இந்த 4,500 ரூபாயைச் சென்னை விடுதி வாடகையில் சேர்த்துக்கொள்வதே மேல் என்பேன். விடுதிச் செலவு இதைவிட அதிகம் என்பது தெரிந்தும்தான் சொல்கிறேன்.

வாரத்தில் சில நாள் அலுவலகம், சில நாள் வீடு என்ற ஹைப்ரிட் ஏற்பாட்டுக்கு நல்ல சான்று உண்டு. அதே சீன நிறுவனத்தில் 1,612 ஊழியர்களை வைத்து நடத்தி 2024-இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து பணிபுரிந்தவர்களின் மதிப்பீட்டிலோ பதவி உயர்விலோ குறை எதுவும் தெரியவில்லை. வேலையை விட்டுப் போவோர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தனர். ஆனால் வாரம் மூன்று நாள் வரச் சொல்லும் ஏற்பாடு தாம்பரத்தில் இருப்பவருக்குத்தான் பொருந்தும், உழவன் எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் பயணம் செய்து காலையில் எழும்பூரில் இறங்குபவருக்குப் பொருந்தாது. 2024-இல் தஞ்சாவூரில் திறந்த நியோ டைடல் என்ற தகவல் தொழில்நுட்பப் பூங்கா, நிறுவனங்கள் இங்கே வந்து அலுவலகம் போட்டால் இந்தச் சிக்கலைத் தீர்க்கும்; தனியாளுக்கு அது மாற்று அல்ல, கும்பகோணத்திலிருந்து அன்றாடம் போய்வருவதும் எளிதல்ல.

கூடத்தின் மிகப் பெரிய குறை நேரம். இரவு 10 மணிக்குப் பூட்டிவிடுகிறார்கள். அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்ப்பவர்கள் ஷிஃப்டின் நடுவில் கணினியை மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓட வேண்டியிருக்கிறது. கேட்டால் காவலாளி செலவைச் சொல்கிறார்கள்; நியாயமான காரணம்தான், ஆனால் அப்படியானால் “எந்த ஷிஃப்டுக்கும் ஏற்ற இடம்” என்று வாசல் பலகையில் எழுதியிருப்பதை எடுத்துவிடலாம். பெண்கள் பலர் எட்டு மணிக்கே கிளம்பிவிடுவதற்கு, மாடிப்படிக்கு அடியில் விளக்கில்லாத வண்டி நிறுத்தமும் ஒரு காரணம். அதற்கு ஒரு குழல் விளக்கு போதும், காவலாளி வேண்டியதில்லை.

பகல் ஷிஃப்ட், பழகிய வேலை, வீட்டில் தனி அறை இல்லை என்ற மூன்றும் பொருந்துபவர்கள் தயங்காமல் சேரலாம். மாதக் கட்டணத்தோடு ஒரு மாத முன்பணமும் கேட்பார்கள். அதைக் கட்டுவதற்கு முன் 300 ரூபாய்க்கு ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள், அந்த நாளை நாளிதழில் வரும் மின்தடை அறிவிப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மேசை கேட்கும்போது தெருப்பக்க வரிசையைத் தவிர்த்துவிடுங்கள், முகூர்த்த நாளில் பெண் அழைப்பு ஊர்வலத்தின் மேளமும் வெடியும் ஹெட்செட்டைத் தாண்டி உள்ளே வரும்.