2 இஞ்சு உயர்த்திய ஃபார்ச்சூனர்: பல வருட ஓட்டத்துக்குப் பிறகு அடியில் மாற்றியதும் மாற்றாததும்

என்னிடம் இருப்பது முதல் தலைமுறை டோயோட்டா ஃபார்ச்சூனர். அதே தலைமுறை ஹைலக்ஸும் இன்னோவாவும் நிற்கும் அடித்தளம். முன்னால் சக்கரத்தைப் பிடிக்க மேலும் கீழுமாக இரண்டு ஆர்ம் (இரும்புக் கை), நடுவில் காயில் ஸ்பிரிங்கோடு அப்சோர்பர். பின்னால் ஒரே ஆக்சில், நான்கு லிங்க், ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கக் குறுக்கே ஒரு பான்ஹார்ட் ராடு. மலேசியாவில் சிலாங்கூரின் ஹுலு லங்காட் பக்கம் மாமாவின் டுரியான் தோட்டத்துக்கு ஏறும் செம்மண் பாதைக்காக 2 இஞ்சு உயர்த்தினேன். மற்ற நாளெல்லாம் கோம்பாக், கோலாலம்பூரைச் சுற்றும் எம்.ஆர்.ஆர்.2 சாலை, அவ்வப்போது காராக் நெடுஞ்சாலை. வண்டி ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டி வெகுநாளாகிறது.

உயர்த்திய வண்டி வைத்திருப்பவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். சத்தத்தைக் கேட்ட கையோடு சாமான் வாங்கப் போகாதீர்கள்.

எனக்கு வந்த அறிகுறிகள் மூன்று. தாமானுக்குள் (குடியிருப்புப் பகுதி) வேகத்தடை ஏறி இறங்கும்போது முன்னால் லொடக்கென்று ஒரு அடி. காராக் இறக்கத்தில் ஸ்டியரிங்கை விடாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. முன் டயர்களின் உள்விளிம்பு சீக்கிரம் தேய்ந்தது. கேட்டவர்கள் எல்லாரும் ஒரே குரலில் "அப்சோர்பர் போச்சு, நாலையும் மாத்து" என்றார்கள். செகாம்புட்டில் நான் வழக்கமாகப் போகும் போமன் (மெக்கானிக்) அண்ணன் மட்டும், "சாமான் எதுவும் வாங்காத தம்பி. தூக்கிப் பாத்துட்டுப் பேசலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்கு நிறையப் பணத்தை மிச்சப்படுத்தியது.

அவர் பார்த்த முறையை விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் பொறுமையாகச் செய்வதில்லை. இந்த வண்டியில் ஸ்பிரிங்கின் பாரம் கீழ் ஆர்மில் இறங்குகிறது. சேசிஸில் ஜேக் கொடுத்துத் தூக்கினால் ஸ்பிரிங் ஆர்மைக் கீழே அழுத்தியபடியே இருக்கும், ஆர்மின் முனையைச் சக்கரத்தோடு சேர்க்கும் பால் ஜாயிண்டில் உள்ள ஆட்டம் மறைந்துவிடும். அதனால் ஜேக்கைக் கீழ் ஆர்முக்கு அடியில், ஜாயிண்டுக்குப் பக்கத்தில் கொடுத்தார். டயருக்குக் கீழே கம்பியை நுழைத்து நெம்பினார். இடது கீழ் ஜாயிண்டில் ஆட்டம் கண்ணுக்கே தெரிந்தது.

பிறகு டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். அப்படி ஆடினால் பால் ஜாயிண்டாகவும் இருக்கலாம், வீல் பேரிங்காகவும் இருக்கலாம். என்னைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினார். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங். அப்போதும் ஆடினால் ஜாயிண்ட். எனக்கு ஜாயிண்ட்தான். பக்கவாட்டில் பிடித்து ஆட்டியபோது ஆட்டமில்லை, ஆகவே ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்ட் தப்பித்தது. அடுத்து வண்டியைத் தரையில் இறக்கி, கியரில் போட்டு, முன்னும் பின்னும் மெல்ல நகர்த்திப் பிரேக் அடிக்கச் சொன்னார். வலது சக்கரம் மட்கார்டுக்குள் பின்னால் தள்ளி மீண்டும் முன்னால் வந்தது. கீழ் ஆர்மைச் சேசிஸோடு சேர்க்கும் பின் புஷ்ஷில் (ரப்பர் பதித்த இரும்புக் குழாய்) ரப்பர் இரும்பை விட்டுப் பிரிந்திருந்தது.

லொடக்குச் சத்தத்துக்குக் காரணம் இவை எதுவும் இல்லை. வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியை ஆர்மோடு இணைக்கும் ஸ்டெபிலைசர் லிங்க் இரண்டையும் கழற்றிவிட்டு, பட்டறைச் சந்துக்குள் மெதுவாக ஒரு சுற்று ஓட்டினோம். சத்தம் நின்றுவிட்டது, அப்படியென்றால் லிங்க்தான் காரணம். அப்சோர்பரில் எண்ணெய் ஈரம் லேசாகப் படிந்திருந்தது, அவ்வளவுதான். சொட்டினால்தான் கவலைப்பட வேண்டும். நான்கு அப்சோர்பரையும் அப்படியே விட்டோம்.

உயர்த்திய வண்டியில் இவையெல்லாம் சீக்கிரம் தேய்வதற்குக் கோணம்தான் காரணம். அப்சோர்பர் தலையில் சுமார் 25 மில்லிமீட்டர் ஸ்பேசர் (இடைத் தகடு) வைத்தாலே சக்கரத்தில் ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் உயரம் கிடைக்கிறது, ஏனென்றால் அப்சோர்பர் ஆர்மின் நடுவாக்கில் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் சக்கரம் கீழே தொங்கும் எல்லையும் அதே அளவு கூடிவிடுகிறது. பால் ஜாயிண்டும், சக்கரத்தைச் சுழற்றும் தண்டில் உள்ள சிவி ஜாயிண்டும் தொழிற்சாலை நினைக்காத கோணத்தில் போய் நிற்கின்றன. அதை மூடும் ரப்பர் உறையான சிவி பூட் கிழிந்து சக்கரத்தின் உட்புறம் கிரீஸ் தெறித்திருந்தால் உடனே கவனியுங்கள். தோட்டத்துச் சேறு உள்ளே போனால் ஜாயிண்ட் நிலைக்காது. நீளமான ஸ்பிரிங் போட்டு உயர்த்துவது இந்த வகையில் எனக்கு மேலாகப் படுகிறது. தொங்கும் எல்லையை அப்சோர்பரே கட்டுப்படுத்தும்.

மாற்றும் வேலையில் கஷ்டப்படுத்தியது கேம் போல்ட்தான். கீழ் ஆர்மைப் பிடிக்கும் இந்தப் போல்ட்டைத் திருப்பித்தான் கேம்பரையும் (சக்கரத்தின் பக்கச் சாய்வு) காஸ்டரையும் (ஸ்டியரிங் அச்சின் முன்பின் சாய்வு) சரி செய்வார்கள். நம் ஊர் மழைக்கு அது புஷ்ஷின் உள்குழாயோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்கிறது. ஒன்றை வெட்டித்தான் எடுத்தோம். ஆகவே ஆர்ம் வேலைக்குப் போகும்போது புதுப் போல்ட்டையும் சேர்த்தே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கழற்றுவதற்கு முன் பழைய நிலையைப் பெயிண்டால் குறித்துவிடுங்கள்.

புஷ் ரப்பரா, பாலியூரித்தேனா என்று கேட்டால், நகரத்தில் தினமும் ஓடும் வண்டிக்கு நான் ரப்பர்தான் சொல்வேன். பாலி கெட்டியானது, நீண்டநாள் உழைக்கும். ஆனால் மழையிலும் சேற்றிலும் கிரீஸ் கரைந்ததும் கீச்சிடத் தொடங்கும், சாலை அதிர்வையும் கைக்குக் கொண்டுவரும். ரப்பர் புஷ் சுழல்வதில்லை, முறுக்கிக்கொள்கிறது. அதனால் நட்டைக் கடைசியாக முறுக்கும்போது வண்டி தன் நான்கு சக்கரங்களில் நிற்க வேண்டும். தொங்கவிட்ட நிலையில் இறுக்கினால், தரையில் இறக்கிய நொடியிலிருந்தே ரப்பர் முறுக்கேறிக் கிடக்கும். புதுப் புஷ் சீக்கிரமே கிழியும். இதை மட்டும் பக்கத்தில் நின்று பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள், போமன் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

ஸ்டியரிங் அலைச்சல் புஷ் மாற்றியதில் பாதி குறைந்தது. மீதிப் பாதிக்குக் காரணம் காஸ்டர். உயர்த்தும்போது காஸ்டர் குறையும், ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்பும் குணமும் அதோடு குறையும். கேம் போல்ட்டில் எட்டிய மட்டும் திருத்தியும் போதவில்லை. உயர்த்திய வண்டிக்கென்று செய்த மேல் ஆர்ம் போட்ட பிறகுதான் அலைன்மெண்ட் எண்கள் எல்லைக்குள் வந்தன. காராக் இறக்கத்தில் இப்போது கையை லேசாக வைத்திருந்தாலே வண்டி நேராகப் போகிறது. டயர் உள்விளிம்புத் தேய்வும் நின்றது.

பின்பக்கம் பான்ஹார்ட் ராடு பாக்கி. ராடு நீளம் மாறாமல் உடல் மட்டும் மேலே போனதால் ஆக்சில் ஒரு பக்கமாகச் சில மில்லிமீட்டர் நகர்ந்திருக்கிறது. ஓட்டத்தில் தெரியவில்லை, அவசரமும் இல்லை. அதன் புஷ் தளரும்போது நீளம் திருத்தக்கூடிய ராடாகவே போட்டுவிடுவேன். இன்னொன்று: இப்படி வேலை முடிந்தபின் சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு எல்லா நட்டையும் ஒருமுறை இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்துச் சரிபாருங்கள். என் வண்டியில் மேல் ஆர்ம் நட் ஒன்று கால் சுற்று இடம் கொடுத்தது.