அல்தாயிரா, எட்சியோவா?

பாளையங்கோட்டையில் இருக்கும் சித்தி மகன் பழைய லேப்டாப் ஒன்றைத் தேற்றிவிட்டுக் கேட்டான்: “அண்ணே, அசாசின்ஸ் க்ரீட் முதல் பாகத்துல ஆரம்பிக்கவா, நேரா ரெண்டுக்குப் போயிரவா?” அசாசின்ஸ் க்ரீட் ஒரு வீடியோ கேம்; பதுங்கிப் போய் ஆளைக் கொல்வதுதான் ஆட்டம். முதல் பாகத்து நாயகன் அல்தாயிர், இரண்டாவதில் எட்சியோ.

ஊர்: முதல் பாகம் (2007) சிலுவைப்போர்க் கால ஜெருசலேம், டமாஸ்கஸ். இரண்டாவது (2009) மறுமலர்ச்சிக் கால ஃபுளோரன்ஸ், வெனிஸ்.

நீச்சல்: பல்லி மாதிரி கோபுரம் ஏறும் அல்தாயிர், தண்ணீரில் விழுந்தால் அவ்வளவுதான், செத்தான். குறுக்குத்துறையில் குளிக்கும் பொடியன்கூட சிரிப்பான். எட்சியோ நன்றாகவே நீந்துவான்.

வேலை: முதலாவதில் ஒட்டுக்கேள், பாக்கெட் அடி, ஆளை நாலு சாத்துச் சாத்தி விசாரி, அப்புறம் கொல். திரும்பத் திரும்ப இதேதான். பதுங்கிப் போகும்போது பிச்சை கேட்டு ஒருத்தி வழியை வேறு மறிப்பாள். இரண்டாவதில் வேலைகள் விதவிதமாக மாறும்.

பொறுக்குவது: அங்கே 420 கொடிகள், எதற்கென்று கேட்கக்கூடாது. இங்கே 100 இறகுகள், கணவனும் இரண்டு மகன்களும் செத்துப் பேச்சை இழந்த எட்சியோவின் அம்மாவுக்காக.

வைக்கோல்: இரண்டிலும் உச்சியிலிருந்து குதித்தாலும் கீறல் விழாது. சின்ன வயதில் களக்காட்டில் மாமா வீட்டுப் படப்பில் ஆளுயரத்திலிருந்து குதித்தேன். மூன்று நாள் அரிப்பு. மாமாவின் ஏச்சு தனி.

விலை: இரண்டும் பழசு, தள்ளுபடிக்குக் காத்திருக்கலாம்.

கதையை வேரிலிருந்து பிடிக்கவேண்டும், பொறுமையும் உண்டு என்றால் முதலாவது. இவனுக்குப் பொறுமை கிடையாது, லீவும் பத்து நாள்தான். “எட்சியோகிட்டயே போயிருடே” என்றேன்.