சன் கனூரா, பர்க் கிளியா? ஒட்டுச்சுவர் வீட்டுக்காரரின் கணக்கு

எங்கள் தண்டையார்பேட்டைத் தெருவில் லவ் பேர்ட்ஸும் காக்டீலும் சாதாரணம். கொஞ்சம் வேறு மாதிரி வேண்டும் என்று கொளத்தூர் கடைகளில் அலைந்தபோது, கடைசியில் இரண்டு வெளிநாட்டுக் கிளி வகைகளில் வந்து நின்றேன்: சன் கனூர், பர்க் கிளி. வாங்கியது பர்க் ஜோடி. அதனால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அழகில் போட்டியே இல்லை. சன் கனூரின் மஞ்சளும் ஆரஞ்சும் கண்ணைப் பறிக்கும். தோளில் ஏறும், தலையைச் சாய்த்துச் சொறியச் சொல்லும். பர்க் கிளி 20 செ.மீ. நீளம்தான், பழுப்பு உடம்பு, இளஞ்சிவப்பு வயிறு. பேசாது, பெரும்பாலும் கைக்கும் வராது. விலையில் சன் கனூர்தான் மேலே. சட்டத்தில் இரண்டும் ஒன்று: 2024-இல் வந்த விதிப்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். நம்மூர்ப் பச்சைக்கிளியை வளர்ப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம், அதனால் அந்தப் பேச்சே வேண்டாம்.

முடிவு செய்ய வைத்தது சத்தம்.

சன் கனூரை நான் வளர்த்ததில்லை. மாதவரத்தில் மச்சான் வீட்டில் பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன். கேட்டைத் திறப்பதற்குள் தெருமுனை வரை அதன் குரல் கேட்கும். கயானா, வடக்கு பிரேசில் பக்கம் கூட்டமாகத் திரியும் பறவை அது. தூரத்தில் இருக்கும் துணையைக் கூப்பிட அந்தக் குரல் அதற்குத் தேவை. வீட்டுக்கு வந்ததும் நம்மையே கூட்டமாக எடுத்துக்கொள்கிறது. நாம் அடுத்த அறைக்குப் போனால் கூப்பிடும். பாவம் என்று ஓடிவந்தால், கத்தினால் ஆள் வரும் என்று கற்றுக்கொள்ளும். மச்சானுக்குத் தனி வீடு, சுற்றிலும் காலி மனை, சமாளிக்கிறார். எங்களுக்கோ நடுச்சுவர் பொது. அந்தப் பக்கத்து அண்ணன் காசிமேட்டில் விசைப்படகில் போகிறவர். கரைக்கு வந்த நாளில் பகலில்தான் தூங்குவார். அவர் தலைமாட்டுக்கு நேராக ஒரு சன் கனூரை வைத்துவிட்டு நான் வேலைக்குப் போக முடியுமா?

பர்க் கிளியின் குரல் மெல்லிய கிசுகிசுப்பு. சீலிங் ஃபேன் ஓடினால் பாதி அதிலேயே அமுங்கிவிடும். அதைவிட முக்கியம் அதன் நேரம். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட புதர்க்காட்டுப் பறவை இது. விடியலிலும் அந்தியிலும்தான் சுறுசுறுப்பு. மத்தியானம் கம்பில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். வருகிறவர்கள் ‘உடம்பு சரியில்லையா?’ என்று கேட்பார்கள். நான் வேலை முடிந்து வந்து டீ குடிக்கும் நேரத்தில், கூண்டின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் பறக்க ஆரம்பிக்கும். அதனால் உயரமான கூண்டைவிட நீளமான கூண்டு வாங்குங்கள்.

பராமரிப்பில் பெரிய செலவில்லை. ஆனால் தீனிக் கிண்ணத்தை மேலோட்டமாகப் பார்த்து ஏமாறாதீர்கள். தினையை உரித்துத் தின்றுவிட்டு உமியை அங்கேயே விட்டுவிடும். கிண்ணம் நிரம்பியதுபோலத் தெரியும், ஊதிப் பார்த்தால் அடியில் ஒன்றும் இருக்காது. கடற்கரைப் பக்கத்து ஈரப்பதத்தில் தினை சீக்கிரம் பூசணம் பிடிக்கும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவதே நல்லது. போகியன்று புகை கிளம்புவதற்கு முன் கூண்டை உள் அறைக்கு மாற்றிவிடுங்கள். நான்ஸ்டிக் பாத்திரம் அடுப்பில் அளவுக்கு மீறிச் சூடானால் வரும் ஆவி எந்தக் கிளியையும் கொன்றுவிடும். கூண்டு இருக்கும் வீட்டில் அது வேண்டாம்.

முட்டை, குஞ்சு விஷயத்தில் எனக்கு அனுபவம் போதாது. கொஞ்சும் பறவைதான் வேண்டும், வீடும் என்னுடையது மாதிரி ஒட்டுச்சுவர் என்றால், பச்சைக் கன்னக் கனூரைப் பாருங்கள். சன் கனூர் அளவுக்குக் கத்தாது, கைக்கும் வரும். ஆனால் கடிக்கும் என்கிறார்கள். கடையில் சாயங்காலம் போய், அரை மணி நேரம் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.