328பி என்று சொல்லி 168 சிப்பைத் தலையில் கட்டினார்கள்: நானோ வாங்குவோர் கவனத்துக்கு

ஆர்டுயினோ நானோ என்ற சின்ன புரோகிராமிங் போர்டின் குளோன் (வேறு கம்பெனி செய்யும் நகல்) வாங்கப் போகிறவர்கள், முக்கியமாக காலேஜ் ப்ராஜெக்டுக்கு வாங்கும் தம்பி தங்கைகள், பின்களை சால்டர் செய்வதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று கீழே திரையில் காட்டும் கருவி செய்ய, போன மாதம் சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் மூன்று நானோ வாங்கினேன். தலா 250 ரூபாய். போர்டின் மூளையான சிப் மேலே ஏடிமெகா328பி (சுருக்கமாக 328பி) என்றுதான் அச்சிட்டிருந்தது.

அன்று ராத்திரியே சால்டர் செய்து யூஎஸ்பியில் செருகினால் ஸ்கெட்ச் (போர்டில் ஏற்றும் புரோகிராம்) ஏறவில்லை. திரும்பத் திரும்ப 'நாட் இன் சிங்க்' என்ற பிழைச் செய்தி. ஸ்கெட்சை வாங்கி சிப்பில் பதியும் பூட்லோடர் புதிதானால் 115200 வேகம், பழையதானால் 57600, இரண்டையும் பார்த்தாயிற்று. யூஎஸ்பி இணைப்புக்கான சிஎச்340 டிரைவரை அழித்து மறுபடி போட்டேன். சார்ஜுக்கு மட்டும் உள்ள கேபிளோ என்று கேபிளையும் மாற்றினேன். இரண்டு நாள் போனது. மூன்று போர்டும் ஒன்றுபோல மறுத்தபோதுதான் சிப் மேலேயே சந்தேகம் வந்தது.

கையிலிருந்த ஊனோவில் (இன்னொரு ஆர்டுயினோ போர்டு) ஆர்டுயினோ ஐஎஸ்பி ஸ்கெட்சை ஏற்றி, அதையே புரோகிராமராக (இன்னொரு சிப்பைப் படிக்கவும் எழுதவும் உதவும் கருவியாக) வைத்து, சிப் எந்த வகை என்று சொல்லும் சிக்னேச்சரை நானோவிலிருந்து படித்தேன். மொத்தம் மூன்று பைட். நடு பைட் 328பி என்றால் 95, அதே குடும்பத்துச் சின்ன சிப்பான 168 என்றால் 94. சிப் மேல் உள்ள எழுத்தை யாரும் அழித்து எழுதலாம். தொழிற்சாலையில் உள்ளே பதிந்த இதை மாற்ற முடியாது. மூன்றிலும் 94.

168-இல் ஃபிளாஷ் (ஸ்கெட்ச் பதியும் இடம்) 16 கேபி, ரேம் (ஓடும்போது வேண்டிய நினைவகம்) 1 கேபி. 328பி-யில் இரண்டுமே இரு மடங்கு. என் ஸ்கெட்ச் 21 கேபி. அதை எப்படியாவது சுருக்கினாலும், 128க்கு 64 ஓஎல்இடி திரையில் ஒரு படத்தை வைத்திருக்கவே திரையை இயக்கும் லைப்ரரி 1024 பைட் ரேம் கேட்கும். 168-இன் மொத்த ரேமும் அவ்வளவுதான்.

கடைக்குப் போய்க் காட்டினேன். "செட்டிங்ல 168னு மாத்துங்க சார், ஓடும்" என்றார் கடைக்காரர். எல்இடி மினுக்க ஓடும், எனக்கு வேண்டியது ஓடாதே என்றேன். "சால்டர் பண்ணின போர்டைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்று முடித்துவிட்டார். 750 ரூபாயை விட, தெரிந்தே விற்றார் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

நானோவில் ஸ்கெட்ச் ஏற்ற யூஎஸ்பி போதும், பின் தேவையில்லை. அதனால் முடிந்தால் லேப்டாப்பை எடுத்துப் போய், 16 கேபியைத் தாண்டும் ஸ்கெட்ச் ஒன்றைக் கடையிலேயே ஏற்றிப் பாருங்கள். எல்இடி மினுக்கும் சின்ன பிளிங்க் ஸ்கெட்ச் ஏறியதை வைத்து நம்பிவிடாதீர்கள். பில்லில் 328பி என்றே எழுதி வாங்குங்கள். என் பில்லில் 'நானோ - 3' என்று மட்டும்தான் இருந்தது.