11 மாத வண்டியும் ஒட்டிக்கொள்ளும் ஸ்டீயரிங்கும்

போன வாரம் நண்பன் போன் செய்தான். "உன் வண்டி எப்படிடா இருக்கு? நானும் அதையே புக் பண்ணலாம்னு இருக்கேன்." அவன் கேட்ட நேரம் சரியில்லை. நாலாவது தடவையாக சர்வீஸுக்கு விட்ட வண்டியை அன்றுதான் எடுத்து வந்திருந்தேன்.

11 மாதம், 14,000 கிலோமீட்டர். இன்ஜின், ஏசி, மைலேஜ் எதிலும் குறை சொல்ல முடியாது. சீட்டைத் தனியாகப் பாராட்ட வேண்டும். ஆறு மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கினாலும் இடுப்பு பிடிப்பதில்லை. சரி, பாராட்டு போதும்.

6,000 கிலோமீட்டர் வாக்கில் ஆரம்பித்தது. நெடுஞ்சாலையில் 90 வேகத்தில் நேராகப் போகிறோம், வண்டியை ஒரு நூல் வலது பக்கம் நகர்த்த வேண்டும் என்று வையுங்கள். விரலால் லேசாகத் தள்ளினால் ஸ்டீயரிங் அசையாது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் டக்கென்று விடுபட்டு, வேண்டியதைவிடக் கூடுதலாகத் திரும்பும். உடனே இடது பக்கம் திருத்தினால் அங்கேயும் அதே கதை. பார்ப்பவர்களுக்கு நான் தூங்கி வழிந்துகொண்டே ஓட்டுவது போலத்தான் தெரியும். மனைவி இரண்டு தடவை, "தூக்கம் வருதா, நான் ஓட்டட்டுமா?" என்று கேட்டாள். மூன்றாம் தடவை அவளே ஓட்டினாள். பத்தாவது நிமிடம், "இது உங்க கை இல்ல, வண்டிதான்" என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவளுக்கு என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

பார்க்கிங்கில் இதே ஸ்டீயரிங் பூ மாதிரி சுற்றும். ஒட்டுவதெல்லாம் கிளம்பி அரை மணி நேரம் ஓடிய பிறகுதான். சர்வீஸ்காரர்கள் ஐந்து நிமிடம் ஒரு சுற்று போய்விட்டு வந்தால் என்ன தெரியும்? முதல் தடவை டயர் காற்றைச் சரிபார்த்தார்கள். அடுத்த தடவை வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது. மூன்றாம் தடவை ஸ்கேனர் மாட்டினார்கள். எரர் கோடு ஒன்றும் வரவில்லை. "இந்த மாடலே அப்படித்தான் சார், ஹைவேல கொஞ்சம் டைட்டா இருக்கும்" என்றார் அட்வைசர். நியாயமாகச் சொன்னால் அதில் பாதி உண்மை. எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங்கில் திருப்புவதற்கு ஒரு மோட்டார் உதவும்; வேகம் கூடக் கூட அந்த உதவியைக் குறைத்துக் கனமாக்கத்தான் செய்வார்கள். ஆனால் கனமாக இருப்பது வேறு, ஒட்டிக்கொள்வது வேறு.

அலைன்மென்ட் கோளாறு என்றால் பெரும்பாலும் வண்டி ஒரே பக்கம் இழுக்கும். என் வண்டி எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. ஸ்டீயரிங்கை லேசாகத் திருப்பி விட்டால், தானாக நடுவுக்குத் திரும்பாமல் விட்ட இடத்திலேயே நிற்கும். இந்த வித்தியாசத்தைப் புரியவைக்கவே எனக்கு மூன்று விசிட் ஆனது. ஜாப் கார்டில் ஒவ்வொரு தடவையும் "ஸ்டீயரிங் ஹார்டு" என்றே எழுதியிருந்தார்கள். நாலாவது தடவை நான் சொல்லச் சொல்ல எழுதவைத்தேன்: "90 வேகத்தில், 30 நிமிடம் ஓடிய பின், நடுவில் ஒட்டுகிறது."

அப்புறம்தான் ஒரு மூத்த மெக்கானிக் என்னோடு நாற்பது நிமிடம் வந்தார். ஸ்டீயரிங்கை ஒற்றை விரலால் இரண்டு முறை தட்டிப் பார்த்தார், தலையை ஆட்டினார். மோட்டாரின் சுழற்சியை ஸ்டீயரிங் தண்டுக்குக் கொண்டுபோகும் வார்ம் கியர் இறுக்கமாக இருக்கிறதாம். அதில் ஒரு சக்கரம் பிளாஸ்டிக். சூட்டில் அது கொஞ்சம் விரியும். நேராக ஓட்டும்போது அந்த நாலைந்து பற்களே திரும்பத் திரும்ப உரசுவதால் அந்த இடத்தில் கிரீஸும் விலகிவிடும். மின்சாரத்தில் கோளாறு இல்லாததால் ஸ்கேனருக்கு ஒன்றும் தெரியாது. இந்த விளக்கத்தை முதல் தடவையே யாராவது சொல்லியிருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது.

வாரண்டியில் ஸ்டீயரிங் தண்டுப் பகுதியையே (column) முழுசாக மாற்றிவிட்டார்கள், ஒரு பைசா கேட்கவில்லை. இப்போது விரல் நகர்ந்தால் வண்டியும் நகர்கிறது. இவ்வளவு நல்ல ஸ்டீயரிங்கா இதற்குள் இருந்தது என்று தோன்றியது.

நண்பனிடம், "வேண்டாம், வேற பாரு" என்றேன்.

"அதான் சரி பண்ணிட்டாங்கல்ல?"

"பண்ணிட்டாங்க."

"அப்புறம் என்னடா?"

நேரே போகும்போது ஸ்டீயரிங் இப்போது ஒரு விரற்கடை இடது பக்கம் சாய்ந்து நிற்கிறது. வெள்ளிக்கிழமை மறுபடி கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.