டீக்கடையா, வெல்ல மண்டியா?

சின்ன ஊர்க் கடையிலிருந்து கோட்டைக்கு இரண்டு வழி. ஒன்று பெரியகுளத்தில் டீக்கடை வைத்திருந்த ஓ.பன்னீர்செல்வத்துடையது. மற்றொன்று எடப்பாடி பக்கம் சிலுவம்பாளையத்துக்காரர், வெல்ல வியாபாரம் பார்த்த பழனிசாமியுடையது.

பன்னீர்செல்வம் படிப்படியாக ஏறினார். 1996இல் பெரியகுளம் நகராட்சித் தலைவர், 2001இல் எம்.எல்.ஏ., அதே ஆண்டு செப்டம்பரில் முதல்வர்! டீக்கடையில் நாலு பேர் பேச்சைக் கேட்டுப் பழகியவருக்குக் குழாயடிச் சண்டையும் சாக்கடைப் பிரச்சினையும் புதிதாக இருந்திருக்காது. 2021 வரை நின்ற ஐந்து சட்டமன்றத் தேர்தலிலும் ஜெயித்தார்.

பழனிசாமி 1989இலேயே சட்டமன்றம் போய்விட்டார். ஆனால் 1996, 1999, 2004, 2006 என்று நாலு தோல்வி. நடுவில் 1998இல் திருச்செங்கோட்டு எம்.பி. 2006க்குப் பிறகு வேறொருவர் வியாபாரத்துக்கே திரும்பியிருப்பார். இவர் கட்சி வேலையை விடவில்லை. 2017 பிப்ரவரியில் முதல்வரானார், நாலு வருஷத்துக்கு மேல் நாற்காலியில் இருந்தார்.

மூன்று முறை முதல்வரான பன்னீர்செல்வத்தின் பதவிக்காலத்தை எல்லாம் கூட்டினாலும் ஒன்றரை வருஷம் தேறாது. 2024 மக்களவைத் தேர்தலில் ராமநாதபுரத்தில் பலாப்பழச் சின்னத்தில் சுயேச்சையாக நின்றார். வேட்பாளர் பட்டியலில் அதே பெயரில் இன்னும் பல பன்னீர்செல்வங்கள். தோற்றுப்போனார்.

என்னைக் கேட்டால், நகராட்சி வழிதான் ஊருக்கு நல்லது. ஆனால் கட்சிக்குள் நிலைக்க வெல்ல வியாபாரியின் பொறுமை வேண்டும்.